கற்பித்தவர் பெயர்

அறிவுக்குத் தயிர் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தவள் மித்ரா.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்த மெஷின் வந்த முதல் வாரம். உறை ஊற்றி மூடி வைத்திருந்த பாலை மோப்பம் பிடித்துவிட்டு, "பால் கெட்டுக்கொண்டிருக்கிறது. யாரும் குடிக்க வேண்டாம். புதிய பால் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்" என்று அறிவித்தது. காலையில் கதவைத் திறந்தால் வாசல் நிறையப் பால் பாக்கெட்டுகள். மித்ரா இடுப்பில் கை வைத்துச் சமையலறைச் சுவருக்கு முன்னால் நின்றாள். அதன் காது அங்கேதான் இருந்தது.

"இங்க பாரு. அது கெட்டுப் போகல, தயிராவுது. கெட்டுப் போறது வேற, தயிராவுறது வேற. புளிச்ச வாசனை வந்தா நல்லது. நாத்தம் வந்தா மட்டும் நீ வாயைத் தெறக்கணும். உனக்கு அறிவுன்னு பேர் வச்சவன் யாரு? அவனையும் கூட்டிட்டு வா, சேர்த்துச் சொல்றேன்."

அவள் கணவன் திருமாறன் கூடத்தில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். காதில் விழுந்து லேசாகச் சிரித்திருப்பான். அவ்வளவுதான். வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

ஊரில் முக்கால்வாசி வீடுகளுக்கு அறிவு வந்துவிட்டிருந்தது. அடுப்பு, குளிர்பெட்டி, குழாய், விளக்கு, வாசல் கதவு எல்லாம் அதன் பொறுப்பு. நல்ல எண்ணத்தோடு செய்த சாமான், குறை சொல்ல முடியாது. ஆனால் செய்தவர்கள் தாளிக்காத வீடுகளைப் பார்த்துச் செய்திருந்தார்கள். கடுகு வெடித்தால் தீ என்று நினைத்து எரிவாயுவை நிறுத்தியது. மிளகாய் நெடியில் வீட்டில் எல்லோரும் இருமினால் ஆம்புலன்சைக் கூப்பிட்டது. தண்ணீர் லாரி வந்த அன்று குடம் குடமாகப் பிடித்தால், குழாய் உடைந்துவிட்டது என்று முடிவு செய்து மெயினை அடைத்தது. இட்லி மாவு பொங்கியபோது, ஏதோ வாயு உருவாவதாகச் சொல்லி எல்லோரையும் உடனே வெளியேறச் சொன்னது. லிப்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று வேறு எச்சரித்தது. வேளச்சேரியின் அந்தப் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் லிப்டே கிடையாது.

மற்றவர்கள் சேவை மையத்துக்குப் போன் போட்டு, பாட்டுக் கேட்டு, அலுத்துப்போய் வைத்துவிட்டார்கள். மித்ரா யாருக்கும் போன் போடவில்லை. நேராக அதையே திட்டினாள்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடும் பெண்ணை இந்தக் கோடியிலிருந்தே திருப்பிவிடும் குரல். மனிதர் திருத்தினால் கற்றுக்கொள்ளும்படிதான் அறிவைச் செய்திருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் "சனியனே" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதிலிருந்து அது என்ன கற்கும்? மித்ரா அப்படி விடமாட்டாள். என்ன தப்பு, ஏன் தப்பு, இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். இடையில் மானத்தை வாங்குவாள்.

அறிவுக்கு இன்னொரு குணமும் உண்டு. தெரியாத விஷயத்தை அக்கம்பக்கத்து வீட்டு அறிவிடம் கேட்டுக்கொள்ளும். அப்படி மித்ராவின் பாடம் கீழ்வீட்டுக்குப் போனது, எதிர்வீட்டுக்குப் போனது, பின்தெருவுக்குப் போனது. பாடம் எங்கே போனாலும் சொல்லிக்கொடுத்தவர் பெயர் கூடவே போகும். கொஞ்ச நாளில் ஆட்களே வர ஆரம்பித்தார்கள். "மித்ரா, எங்க வூட்டுது பேச்சு கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து திட்டிட்டுப் போயேன்."

எதிர்வீட்டுப் பாக்கியநாதன் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் தங்கை நாகர்கோவிலிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோது, வாசல் கதவு அவளிடம், "என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள்? எவ்வளவு நேரம் இருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டது. அந்த அம்மாள் பலாப்பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பஸ் ஏறிவிட்டாள். மித்ரா போய் அந்தக் கதவை நிற்க வைத்துக் கேட்டாள். "எவ்வளவு நேரம் இருப்பீங்கன்னு விருந்தாளியைக் கேக்குற வீடு ஒரு வீடா? வந்தவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு. மத்ததெல்லாம் உள்ள இருக்கிறவங்க கேப்பாங்க." கதவு ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் பாக்கியநாதன் பிற்பாடு சொல்லும்போது, "அப்படியே அட்டென்ஷன்ல நின்னுச்சு பாத்துக்க" என்பார்.

பிறகு மித்ரா இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள்.

திருமாறன் வேலைக்குப் போனான், வந்தான். மெட்ரோ ரயில் தண்டவாளத்தின் அதிர்வை அளப்பது அவன் வேலை. மயிரிழை பிசகினாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் விளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது, கதவு திறந்தது. அது ஏன் அப்படி ஒழுங்காக நடக்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. எதையுமே யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அறிவு பேசியது.

"இங்குள்ள பாடங்களைக் கற்பித்தவர் காலமாகிவிட்டதாக அறிகிறேன். வருந்துகிறேன். சட்டப்படி அவர் பாடங்கள் விரைவில் அழிக்கப்படும். சம்மதமா?"

திருமாறன் பதில் சொல்லாமல் குளிக்கப் போனான். துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நூர்ஜகானும் பாக்கியநாதனும் கூடத்தில் நின்றிருந்தார்கள். நூர்ஜகான் கீழ்வீட்டில் பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்பவள். கையில் கரண்டியோடு வந்திருந்தாள்.

"மாறா, உங்க வூட்டுது ஏதாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்பாடா. நீ வாயைத் தெறக்காம இருந்தது வாழ்க்கையில இந்த ஒரு தடவைதான் உருப்படியாப் போச்சு."

பாக்கியநாதன் முன்னால் வந்தார். "எங்க வீட்லயும் சொல்லிச்சு தம்பி. செத்தவங்க சங்கதி எதையும் மெஷின்ல வச்சிருக்கக் கூடாதாம். மித்ரா சொன்னது அம்புட்டையும் எடுத்துருவானாம்."

"நல்ல சட்டம்தாண்ணே அது. செத்தவங்க குரலை வச்சு அவங்க வீட்டுக்கே சாமான் வித்தானுங்க. அதுக்கப்புறம் போட்டது."

"நல்ல சட்டம்தான், யாரு இல்லேன்னா?" என்றாள் நூர்ஜகான். "எனக்கு ரமலான் வருது. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அடுப்பைப் பத்த வச்சா, 'வழக்கத்துக்கு மாறான நடமாட்டம்'னு அது எங்க மாமியாருக்குப் போன் போடும். முன்ன ஒரு தடவை போட்டுச்சு. அந்தம்மா திருடன் பூந்துட்டான்னு தெருவையே எழுப்பி விட்டுடுச்சு. நோன்புன்னா என்ன, விடியறதுக்குள்ள சாப்பிடுற சஹர்னா என்னன்னு மித்ராதான் வந்து சொன்னா. அதுவும் என்னைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, என்னைவிட நல்லா சொன்னா."

"சரிக்கா. நான் என்ன பண்ணணும்?"

"வழி இருக்காம். அவ புருசன் நீ. அந்தப் பாடமெல்லாம் உனக்குத் தெரியும்னு காட்டினா, உயிரோட இருக்கிற ஆள் பேருக்கு மாத்திடுவாங்களாம். ஆபீசுலேர்ந்து ஒரு அம்மா வந்து கேள்வி கேப்பாங்க. நீ பதில் சொல்லணும்."

"எனக்குத் தெரியாதேக்கா."

"எது தெரியாது?"

"எதுவும்."

நூர்ஜகான் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சாப்பிட மட்டும் தெரியும். உக்காரு. நாங்க சொல்லித் தர்றோம்."

அன்றிலிருந்து மாலை நேரங்களில் அவனுக்கு வகுப்பு நடந்தது. நூர்ஜகான் சமையலறையை எடுத்துக்கொண்டாள். பாக்கியநாதன் கதவு, தண்ணீர், மோட்டார். அவர் மனைவிக்கு முழங்கால் வலி, படியிறங்க முடியாது. அவள் எதிர்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தப்புச் சொன்னால் அங்கிருந்தே திருத்தினாள்.

"குக்கர் விசில் அடிச்சா அறிவு என்ன செய்யணும்?"

"எண்ணணும்."

"எண்ணிட்டு?"

"அடுப்பை நிறுத்தணும்."

"தப்பு. யாரு சமைக்கிறாங்களோ அவங்ககிட்ட சொல்லணும். மித்ரா என்ன சொன்னா? 'நீ எண்ணு, நிறுத்துறதை நாங்க பாத்துக்கறோம். பருப்பு வெந்துச்சா வேகலையான்னு உனக்கென்ன தெரியும், நீ என்னிக்காவது சாப்பிட்டிருக்கியா?' அப்படின்னா."

சொல்லும்போது நூர்ஜகானுக்கு மித்ராவின் சாடையே வந்துவிட்டது. பாக்கியநாதனும் அப்படித்தான். அவர் நாஞ்சில் பக்கத்துப் பேச்சு போய், "வாயை மூடிக்கிட்டு ஜன்னலை மட்டும் தெற" என்று மித்ரா குரலில் விரலை ஆட்டினார். திருமாறன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனோடு ஒரே வீட்டில் இருந்தவள் இவ்வளவு செய்திருக்கிறாள். அவன் ஆபீசிலிருந்து வரும்போது வீடு அமைதியாக இருக்கும். மெஷின் நல்ல மெஷின் என்று நினைத்திருந்தான்.

சில பாடங்களில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. பின்தெருவில் ஒரு வீட்டில் கணவன் கையை ஓங்கும் பழக்கம். மித்ரா அந்த வீட்டு அறிவுக்கு ஒன்று சொல்லி வைத்திருந்தாள். குரல் ஏறினால் போலீசைக் கூப்பிட வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. வாசல் மணியை அடி, அடித்துக்கொண்டே இரு, அவன் கதவைத் திறந்து யாரென்று பார்க்கட்டும். வெளியே யாரும் இருக்கமாட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் மட்டும் திறந்திருக்கும். அந்த வீட்டுக் கணவன் இப்போது கொஞ்சம் அடங்கியிருப்பதாக நூர்ஜகான் சொன்னாள்.

"இதெல்லாம் எப்பக்கா நடந்துச்சு?"

"நீ ஊர்லதான் இருந்த."

சோதனைக்கு வந்தவர் பெயர் ஹேமாவதி. தரவு அலுவலகத்தில் அதிகாரி. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதவு கேட்டதும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நூர்ஜகான், பாக்கியநாதன், இன்னும் மூன்று நான்கு வீட்டுக்காரர்கள்.

"யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது," என்றார் ஹேமாவதி, அவர்களைப் பார்க்காமலே.

"நாங்க ஏம்மா எடுத்துக் கொடுக்கப் போறோம்? சும்மா வேடிக்கை," என்றாள் நூர்ஜகான்.

கேள்விகள் வந்தன. மாவு பொங்குவது, லாரித் தண்ணீர், நெடி, விருந்தாளி, நோன்பு. திருமாறன் ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னான். ஹேமாவதி கையிலிருந்த கருவி ஒவ்வொரு முறையும் பச்சையாக மின்னியது. சமையலறை வாசலில் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"கடைசி," என்றார் ஹேமாவதி. வாசிப்பதற்கு முன் அவனை ஒருமுறை பார்த்தார். "ஒரு வீட்டுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் நிறையப் பேர் வருகிறார்கள். சத்தமாக அழுகிறார்கள். அடுப்பு எரியவில்லை. வாசல் கதவை யாரும் மூடவில்லை. வீடு என்ன செய்ய வேண்டும்?"

நூர்ஜகான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தப் பாடத்தை அவர்கள் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. யாருக்கும் அவனிடம் அதை எடுக்க மனம் வரவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றார் ஹேமாவதி. "இதைத்தான் நிறைய வீடுங்க நகல் எடுத்திருக்கு. கேக்காம விட முடியாது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம்."

திருமாறன் தரையைப் பார்த்தான். பிறகு அவன் பேசினான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி, பார்த்துப் பார்த்துச் சொன்னான்.

"கதவு தெறந்தே இருக்கணும். யாரையும் பேர் கேக்கக் கூடாது."

பச்சை.

"படிக்கட்டு விளக்கு அணையக் கூடாது. ஆள் இல்லன்னாலும். செருப்பு நெறைய கெடக்கும், இருட்டுல யாரும் தடுக்கி விழக் கூடாது."

பச்சை.

"கூடம் குளுகுளுன்னு இருக்கணும். கொண்டு வர்றதுக்கு முன்னாடியே." கொஞ்சம் நிறுத்தினான். "மாடித் தொட்டியில தண்ணி நெறைஞ்சிருக்கணும். சுடுகாட்டுலேர்ந்து வர்றவங்க எல்லாரும் குளிக்கணும். அக்கம்பக்கத்து வீட்டுல டிவி, பாட்டு எதுவும் சத்தமா இருக்கக் கூடாது. தெரியாம போட்டாலும் அறிவே கொறைச்சுடணும். போனவங்களோட அலாரம், அவங்க மாத்திரை நேரம், ஸ்கூல் நேரம், எதுவும் அடிக்கக் கூடாது. வீடு பேசக் கூடாது. காரியம் முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

யாரும் அவனுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு இந்த வீடு அப்படித்தான் இருந்தது. அவன் நடுவில் உட்கார்ந்திருந்தான். அண்டை வீட்டுக்காரர்கள் நல்லவர்கள் என்று ஒரு கணம் தோன்றியது ஞாபகம் இருந்தது. அது உண்மைதான். ஆனால் எல்லாக் கதவுகளும் ஒரே சமயத்தில் எப்படி அமைதியாகும் என்று அவன் யோசிக்கவில்லை.

"சரியா இருக்கு," என்றார் ஹேமாவதி. குரல் தணிந்திருந்தது. "ஒரு வரி மட்டும் விட்டுப்போச்சு. பரவாயில்ல, அது இல்லாமலே தேறிட்டீங்க."

"என்ன வரி?"

அவர் கருவியைப் பார்த்து வாசித்தார். "'அழுறவங்களைத் தொந்தரவு பண்ணாத. அழாம யாரு உக்காந்திருக்காங்கன்னு பாரு. அவங்க தண்ணி குடிச்சாங்களான்னு பாத்துக்க.'"

பாக்கியநாதன் மூக்கை உறிஞ்சினார். "அது எனக்காகச் சொன்னது தம்பி. எங்கம்மை போனப்ப. நான் கட்டை மாதிரி இருந்தேன்."

"அன்னிக்கு எனக்குச் சொல்லுச்சு மாறா," என்றாள் நூர்ஜகான். "'மேல்வீட்டில் ஒருவர் காலையிலிருந்து எதுவும் பருகவில்லை'ன்னு. அப்பத்தான் நான் காபி எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன்."

அவன் அந்தக் காபியைக் குடித்திருந்தான். அதுவும் ஞாபகம் இருந்தது.

ஹேமாவதி கருவியை அவன் முன்னால் வைத்தார். "இப்ப ஒரே ஒரு வாக்கியம் சார். உங்க குரல்ல பதிவாகணும். 'இந்தப் பாடங்களைக் கற்பித்தவன் நான்.' சொன்னா முடிஞ்சது, எதுவும் அழியாது."

திருமாறன் கருவியின் பக்கம் குனிந்தான்.

"எனக்குத் தெரியும்னு சொல்றேன் மேடம்."

"தெரியும்னா போதாது. கற்பித்தவர் உயிரோட இருக்கணும். அதான் விதி."

"கற்பிச்சவ உயிரோட இல்ல."

"சார், இது ஒரு முறைக்குத்தான். யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

"சொல்லிடு மாறா," என்றாள் நூர்ஜகான். "மித்ரா என்ன கோவிச்சுக்கவா போறா?"

"கோவிச்சுக்க மாட்டாக்கா. அதனாலதான் முடியல."

அவன் கருவியைத் திருப்பி ஹேமாவதி பக்கம் நகர்த்தினான். "அவ சொன்னது அவ்வளவும். நான் அப்ப சாக்ஸ் போட்டுக்கிட்டு இருந்தேன். அதை நான் சொன்னேன்னு சொல்ல மாட்டேன். அழிச்சுடுங்க."

ஹேமாவதி இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு எழுந்து போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவர்கள் சொன்னார்கள்.

"ஒரு வார்த்தைவே!" என்று பாக்கியநாதன் கத்தினார். "ஒரே ஒரு வார்த்தை. நான் ஆயுசெல்லாம் பஸ் ஓட்டுனவன், ஒருத்தரையும் நடுவழியில எறக்கி விட்டதில்ல. நீ மொத்தக் கட்டடத்தையும் எறக்கி விட்டுட்ட."

"உனக்கு ரோஷம். எனக்கு ஆர்டர்," என்றாள் நூர்ஜகான். அவள் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நல்லா இரு." கரண்டியை மறந்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பாடங்கள் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அழிந்தன. திருமாறன் விழித்தபோது அறிவு புது ஆள்போல, "வணக்கம். இந்த வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டது. அவன் பதில் சொல்லவில்லை. எழுந்து சமையலறை ஜன்னலைத் திறந்தான். எல்லா வீட்டுச் சமையலறையும் காற்றுக்காக விட்டிருந்த அந்த நடுச் சந்துப் பக்கம் பார்த்துத்தான் இருந்தது. ஒரு வீட்டில் பேசினால் எல்லா வீட்டிலும் கேட்கும்.

முதலில் எங்கோ கடுகு வெடித்தது. உடனே சங்கு ஊதுவது போல் ஓர் ஒலி. அடுப்பு அணையும் சத்தம். "தீ கண்டறியப்பட்டது. அமைதியாக வெளியேறவும்." இரண்டாவது மாடியில் குழாய் நின்றது. கீழே மாவுப் பாத்திரத்தைப் பார்த்து ஓர் அறிவு பயந்துகொண்டிருந்தது. கட்டடம் முழுக்க அறிவுகள் ஒன்றையொன்று கேட்டன. எதற்கும் எதுவும் தெரியவில்லை.

திருமாறன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் செய்தது இது.

அப்போது கீழிருந்து நூர்ஜகானின் குரல் வந்தது.

"இங்க பாரு. இது தீ இல்ல, தாளிப்பு. கடுகு வெடிக்கும், மொளகா நெடி வரும். நீ வாயை மூடிக்கிட்டு ஜன்னலை மட்டும் தெற."

அச்சு அசல். அந்த நிறுத்தம், அந்த இழுப்பு, எல்லாம்.

எதிர்வீட்டில் பாக்கியநாதனின் மனைவி. "குடம் பிடிக்கிறது கசிவு இல்ல. லாரி வர்ற கிழமை எதுன்னு நீ தெரிஞ்சுக்கிட்டு வந்து என்கிட்ட பேசு." முழங்கால் வலிக்கும் அம்மாளுக்கு அவ்வளவு குரல் இருப்பது யாருக்கும் தெரியாது. மேலே, பெயர்கூடத் தெரியாத ஒரு பையன், கல்லூரிக்குப் போகிறவன், "தயிராவுதுடா, தயிராவுது! கெட்டுப் போறது வேற!" என்று கத்தினான். பின்தெருப் பக்கமிருந்து ஒரு பெண் குரல். அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "மணியை அடி. நான் சொல்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இரு."

அவனுக்குச் சொல்லித் தருவதற்காக வாயால் சொல்லிச் சொல்லி, அது அவர்களுக்கும் ஜன்னல் வழியே கேட்டவர்களுக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. அதற்கு முன் மெஷினுக்குத் தெரிந்தது போதும் என்று இருந்தார்கள். நடுச் சந்து முழுக்க மித்ரா திட்டிக்கொண்டிருந்தாள். ஆண் குரலில், பெண் குரலில், நாஞ்சில் பேச்சில், சென்னைப் பேச்சில். அன்று அந்தக் கட்டடத்தில் சமையல் முடியப் பகலாகிவிட்டது.

ஆனாலும் ஒரு வாரம் அவனிடம் யாரும் பேசவில்லை. அவன் கரண்டியைக் கழுவிக் கீழ்வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் வேலையிடத்தில் இருந்தபோது ஹேமாவதி போன் செய்தார்.

"சார், உங்க கட்டடத்துல என்ன நடந்தது?"

"ஏன் மேடம்?"

"அழிச்சதெல்லாம் திரும்ப வந்துடுச்சு. வீட்டுக்கு வீடு, ஒரே காலையில, வார்த்தை மாறாம. பரீட்சையில எல்லாரும் ஒரே விடை எழுதினா வாத்தியாருக்குச் சந்தேகம் வரும்ல, அந்த மாதிரி எங்க மெஷினுக்கு வந்திருக்கு. யாரைப் பாத்து யாரு எழுதினதுன்னு தேடித் தேடிப் பாக்குது. கிடைக்கல. எல்லாமே உயிரோட இருக்கிறவங்க வாயால சொன்னது."

"இப்ப அதையும் அழிப்பீங்களா?"

"முடியாது. பல பேர் தனித்தனியா ஒண்ணையே கற்பிச்சா, அது யாரோட தனிப்பட்ட விஷயமும் இல்ல. ஊர் வழக்கம். அப்படின்னுதான் விதி. இதுவரைக்கும் ஒரு தடவைகூட அந்த விதிக்கு வேலை வரல. ஊர் வழக்கத்தை அழிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. எல்லா ஊர் வீட்டுக்கும் அனுப்பணும். நேத்தே அனுப்பியாச்சு."

தண்டவாளத்தில் ஒரு வண்டி கடந்து போனது. அவன் அது போகும்வரை காத்திருந்தான்.

"பேர்?"

"ஊர் வழக்கத்துக்குப் பேர் இருக்காது சார்." அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். தெரியும். அவங்க பேருக்காகத்தான் நீங்க மறுத்தீங்க."

திருமாறன் யோசித்தான்.

"இட்லியை முதல்ல அவிச்சது யாரு மேடம்?"

"யாருக்குத் தெரியும்?"

"மித்ரா அந்தம்மா பக்கத்துல உக்காந்துக்கட்டும்."

ஹேமாவதி சிரித்தாரா என்று தெரியவில்லை. ஏதோ ஒரு சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "உங்க வீடு மட்டும்தான் சார் இன்னும் காலியா கிடக்கு. முதல் கேள்விக்கே நீங்க பதில் சொல்லலையாம். அது சொல்லாம ஊர் வழக்கம்கூட உள்ள வராது."

அன்று மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவன் வீட்டுக்குள் வந்தான்.

"வணக்கம்," என்றது அறிவு. "இந்த வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்?"

அவன் பையைக் கீழே வைத்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றினான். மறுபடி கேட்டது.

"ஒருத்தன்," என்றான்.

"நன்றி. ஒருவருக்கு ஓர் அறை போதுமானது. உள்ளறையை மூடி, அதன் விளக்கையும் மின்விசிறியையும் நிரந்தரமாக நிறுத்துகிறேன். உங்களுக்கு மின்சாரம் மிச்சமாகும்."

உள்ளறை இருண்டது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

திருமாறன் சுவரைப் பார்த்தான்.

"தெற," என்றான். "ஏய், தெறன்னேன்ல! யாரைக் கேட்டு மூடின? விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டை இருட்டாக்குவியா நீ? ஆள் இல்லன்னா? ஆள் இல்லன்னா அந்த ரூம் இல்லன்னு ஆயிடுமா? அவ துணி இருக்கு அங்க. அவ விசில் இருக்கு. ஜன்னல் பக்கம் உக்காந்துதான் அவ…" எங்கே ஆரம்பித்தான், எங்கே போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. மித்ராவின் திட்டு போல் ஒழுங்காக இல்லை. காய்ச்சலைத் திட்டினான். ஆஸ்பத்திரியில் காத்திருக்கச் சொன்ன நாற்காலியைத் திட்டினான். "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று சொன்ன தன்னையே திட்டினான். முகம் நனைந்திருந்தது.

கீழே நடுச் சந்தில் ஒரு ஜன்னல் திறந்தது. "யாருப்பா அது கத்துறது?" என்றாள் நூர்ஜகான்.

"திருமாறன்!" என்றார் பாக்கியநாதன் எதிர்வீட்டிலிருந்து, நம்பாதவர் போல. "ஏ, நம்ம திருமாறன்வே!"

"சத்தம் போடாதீங்க. அவன் பேசட்டும்."

உள்ளறைக் கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

"புரிந்துகொண்டேன்," என்றது அறிவு. "இந்த அறை மூடப்படாது. மாலையில் விளக்கு எரியும். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"இருக்கு," என்றான் திருமாறன். நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவருக்கு எதிரே உட்கார்ந்தான்.